கட்டணத்தைத் தவிர்க்கும் கலை: வெளிநாட்டில் கார்டு தேய்ப்பதன் லாபமும் நட்டமும்

சேலத்திலிருந்து மேற்கே தாரமங்கலம் தாண்டிப் போனால் ஜலகண்டாபுரம். தறிச் சத்தத்தோடு விடிகிற பேரூர். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பக்கத்தில் பாஸ்போர்ட் எடுத்தவர் என்றால், வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர் என்று அர்த்தம். இன்று நிலைமை வேறு. அமெரிக்காவில் இருக்கும் மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மாக்கள், மலேசியாவின் பத்துமலை முருகனைப் பார்க்கக் குழுவாகக் கிளம்பும் குடும்பங்கள், சீனாவின் குவாங்சோ கண்காட்சியில் இயந்திரம் பார்த்துவர நினைக்கும் தறி முதலாளிகள் என்று பயணிகளின் வகை பெருகிவிட்டது. 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசாத் தேவையை நீக்கின. சேலம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்கு விமானம் இல்லாவிட்டாலும், கோயம்புத்தூர், திருச்சி, பெங்களூரு மூன்றும் எட்டும் தொலைவில் இருக்கின்றன.

கிளம்புகிறவர் எல்லோரும் கேட்கிற கேள்வி, "பணத்தை எப்படிக் கொண்டுபோறது?" என்பதுதான். கிடைக்கிற பதில்கள் இரண்டு. "கார்டு இருக்குதே, தேய்ச்சுக்க வேண்டியதுதான்" என்பது ஒன்று. "மார்க்கப் இல்லாத கார்டு வாங்குங்க, ஒரு பைசா கட்டணம் கட்டாதீங்க" என்பது விவரம் தெரிந்தவர்களின் பதில். முதல் பதில் வசதியைச் சொல்கிறது, விலையைச் சொல்வதில்லை. இரண்டாவது விலையைச் சொல்கிறது, அதைத் தவிர்க்கப் போவதில் இருக்கிற ஆபத்தைச் சொல்வதில்லை. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

எட்டு டாலரிலிருந்து இரண்டரை லட்சம் டாலர் வரை

கடல் கடந்து பணத்தைக் கொண்டுபோவது தமிழர்களுக்குப் புதிதல்ல. பர்மா, மலாயா, இலங்கை என்று கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், ரொக்கத்தைச் சுமக்காமல் உண்டியல் சீட்டு மூலம் பணத்தை நகர்த்தினார்கள். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கிளை திறந்தார். அன்னியச் செலாவணிதான் அந்த வங்கியின் முதல் நோக்கம்.

இடையில் ஒரு வறண்ட காலம் வந்தது. நாட்டில் டாலர் கையிருப்பு குறைவு. 1973-இன் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கையை இறுக்கிக் கட்டியது. எட்டு டாலரோடு விமானம் ஏறியதை அந்தக் கால மாணவர்கள் இன்றும் சொல்வார்கள். 2000 ஜூனில் அந்தச் சட்டத்தின் இடத்தில் ஃபெமா என்ற அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தது. 2004-இல் தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2015 முதல் அந்த வரம்பு 2,50,000 டாலர். சாதாரணப் பயணிக்கு இது எட்டவே முடியாத உயரம். ஆகவே இன்றைய சிக்கல் 'எவ்வளவு கொண்டுபோகலாம்' என்பதில் இல்லை. 'எந்த வழியில் கொண்டுபோனால் எவ்வளவு கரையும்' என்பதில் இருக்கிறது.

கார்டின் பக்கம் இருக்கும் நியாயம்

குறை சொல்வதற்கு முன் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். ரொக்கம் தொலைந்தால் தொலைந்ததுதான். கார்டு தொலைந்தால் செல்போனிலேயே அதை முடக்கலாம். புதிதாகத் தரும் எந்தக் கார்டும் முதலில் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளிலும் மட்டுமே வேலை செய்ய வேண்டும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கேட்டுத் திறக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நினைத்தபோது திறக்கவும் மூடவும், நாளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கவும் வசதி உண்டு.

மோசடி நடந்தாலும் கார்டுக்காரருக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் பறிபோனால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் புகார் கொடுத்தால் அவருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பு வரக்கூடாது என்று 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கை சொல்கிறது. பர்ஸில் இருந்த டாலர் நோட்டுக்கு இப்படி ஒரு காவல் கிடையாது.

ரொக்கத்துக்கு வரம்பும் உண்டு. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாக வாங்க முடியாது. மிச்சத்தைக் கார்டு போன்ற வேறு வடிவில்தான் கொண்டுபோக வேண்டும். நோட்டு மாற்றுகிற விலையும் இடத்துக்கு இடம் தாவும். விமான நிலையக் கவுன்ட்டரில் சொல்லும் விலையை ஊருக்குள் கேட்கும் விலையோடு ஒப்பிட்டவருக்கு அது புரியும். கார்டில் தேய்த்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்களின் அன்றைய மொத்த விலையில் கணக்கு நடக்கிறது. அந்த விலை சந்தை விலையை ஒட்டியே இருக்கும். அதன் தலையில் வங்கி ஏற்றுகிற சுமையில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

எங்கே கரைகிறது பணம்?

தறிக்காரர்களுக்கு ஒரு விஷயம் பழக்கம்: கடனுக்கு நூல் கொடுக்கிற வியாபாரி வட்டி என்று ஒரு வரி எழுதமாட்டார், நூலின் விலையிலேயே ஏற்றிவிடுவார். வங்கியும் அதைத்தான் செய்கிறது. மாதக் கணக்கில் 'கட்டணம்' என்ற தலைப்பில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி ரூபாயாக மாற்றிய விலைக்குள் கலந்திருக்கும்.

முதல் அடுக்கு, மார்க்கப். வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்தால் நம் வங்கிகளில் பல மூன்றரை சதவீதம் கூடுதலாக எடுக்கின்றன. அந்தக் கூடுதலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால் 3,500 மார்க்கப், 630 வரி, ஆக 4,130 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பம் சிங்கப்பூரில் ஓட்டல், சாப்பாடு, பொருட்கள் என்று மூன்று லட்சம் தேய்த்தால் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போய்விடுகிறது. பில்லில் அது எங்கேயும் தெரியாது.

இரண்டாவது அடுக்கு, கடைக்காரர் நீட்டுகிற கருவியில் வரும் கேள்வி. 'உங்கள் ஊர்ப் பணத்திலேயே கட்டலாமா, எங்கள் நாணயத்திலா?' என்று திரை கேட்கும். ரூபாயில் தொகையைக் காட்டினால் நமக்கு மனசு லேசாகிறது. சரி என்று பொத்தானை அழுத்திவிடுகிறோம். மாற்று விலையை அந்த இடத்தில் முடிவு செய்வது நம் வங்கியல்ல, கடைக்காரரின் வங்கியும் அதற்கென்று இருக்கும் நிறுவனமும். சந்தை விலைக்கு மேல் ஐந்து சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல் வைப்பது சகஜம். அதில் கடைக்காரருக்கும் பங்கு போவதால் ஊழியரே நமக்காக ரூபாயை அமுக்கிவிடுவதும் நடக்கிறது. இதோடு முடியாது: வெளிநாட்டில் ரூபாயில் முடிந்த பரிவர்த்தனைக்கு ஒரு சதவீதத்தை ஒட்டித் தனிக் கட்டணமும் அதன்மேல் வரியும் பிடிக்கிற இந்திய வங்கிகள் பல. மார்க்கப்பே இல்லாத கார்டை வாங்கிப் போனவரும் இந்த ஒரு பொத்தானில் அத்தனை சேமிப்பையும் இழந்துவிடலாம்.

மூன்றாவது அடுக்கு, ஏடிஎம். இங்கே மூவர் கைநீட்டுகிறார்கள். நம் வங்கி ஒவ்வொரு முறைக்கும் நூறு, நூற்றைம்பது ரூபாய் என்று ஒரு தொகையும் அதோடு மார்க்கப்பும் எடுக்கும். அந்த நாட்டு ஏடிஎம் தனக்கென்று ஒரு தொகை கேட்கும். பிறகு திரையில் மறுபடியும் அந்த மாற்று விலைக் கேள்வி. தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு முறைக்கு 220 பாட் என்பது நெடுநாள் வழக்கம். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம்; 20,000 பாட் எடுத்தால் 1.1 சதவீதம். 'கையில் அதிகம் வேண்டாம், தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வோம்' என்ற நம் ஊர்ச் சிக்கனம் அங்கே நேர்மாறான பலனைத் தருகிறது.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். எடுத்த தொகையில் இரண்டரை சதவீதம் அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை உடனே விழும். கடையில் தேய்த்தால் கிடைக்கிற வட்டியில்லாத் தவணைக் காலமும் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி ஓடும்.

சில கட்டணங்கள் சிறியவை, ஆனால் கண்ணை உறுத்தும். சிங்கப்பூரில் பஸ்ஸிலும் ரயிலிலும் நம் ஊர்க் கார்டையே தட்டிவிட்டு ஏறலாம். அப்படிப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு நிர்வாகக் கட்டணம் உண்டு. சீனாவில் கடைகள் கியூஆர் கோடிலேயே ஓடுகின்றன. அலிபேயில் வெளிநாட்டுக் கார்டை இணைத்துக்கொள்ளலாம். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம். 500 யுவான் பில்லை மூன்றாக உடைத்துத் தரச் சொல்லும் பயணிகளை இந்த விதிதான் உருவாக்கியது.

தப்பிக்கும் வழிகளும் அவற்றின் ஓட்டைகளும்

பணம் இப்படிக் கரைவதிலிருந்து தப்பிக்கச் சொல்லப்படும் வழிகள் நான்கு.

ஃபாரெக்ஸ் கார்டு பழைய வழி. இங்கேயே டாலராகவோ சிங்கப்பூர் வெள்ளியாகவோ ஏற்றிக்கொண்டு போகலாம். போன பிறகு ரூபாய் சரிந்தாலும் நம் விலை மாறாது. சேமிப்புக் கணக்கோடு தொடர்பு இல்லாததால் திருட்டுப் போனாலும் ஏற்றிய தொகையோடு நஷ்டம் நின்றுவிடும். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு மாதச் செலவு அனுப்புகிற பெற்றோருக்கு இது பொருத்தமான கருவி. ஆனால் 'மார்க்கப் பூஜ்யம்' என்று விளம்பரம் சொல்லும்போது, டாலரை நமக்கு விற்கிற விலையில் வைத்த லாபம் பேச்சில் வராது. டாலர் ஏற்றிய கார்டைத் தாய்லாந்தில் தேய்த்தால் நாணயம் விட்டு நாணயம் மாற்றும் கட்டணம் இரண்டு முதல் மூன்றரை சதவீதம் வரை போகும். வழங்கும் கட்டணம், மறுபடி ஏற்றும் கட்டணம், நாளாகப் பயன்படுத்தாமல் விட்டால் ஒரு கட்டணம், மிச்சத்தை ரூபாயாக்கும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி என்று வரிசை நீளும். நாணயம் வாங்கும்போது ஜிஎஸ்டியும் உண்டு, ஆனால் அது பயப்படும் அளவு அல்ல: ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய்தான்.

மார்க்கப் இல்லாத டெபிட், கிரெடிட் கார்டுகள் இரண்டாவது வழி. கணக்கைப் பார்த்தால் இவற்றை மிஞ்ச ஆளில்லை. ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய் மிச்சம் என்பது உண்மையான மிச்சம். குறை வேறு இடத்தில். இவற்றில் பல, சிறிய வங்கியும் செயலி நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து தருபவை. 2023 ஜனவரி 23 அன்று எஸ்பிஎம் வங்கி (இந்தியா) வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் அந்த 2,50,000 டாலர் திட்டத்தின் கீழ் நடத்தும் எல்லாப் பரிவர்த்தனைகளையும் உடனே நிறுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த வங்கியோடு சேர்ந்து தரப்பட்ட, பயணிகளிடம் பேர்பெற்ற டெபிட் கார்டுகளும் அதில் மாட்டின. அடுத்த சில நாட்களில் ஏடிஎம்மிலும் கடைகளிலும் மட்டும் பயன்படுத்தத் தற்காலிகத் தளர்வு வந்தது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் வெளிநாட்டில் அந்த ஒரு கார்டை மட்டும் நம்பி நின்றவருக்கு, மிச்சம் பிடித்த நாலாயிரம் எந்த வகையிலும் உதவியிருக்காது.

மூன்றாவது, யுபிஐ. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐயும், அதைப் போன்ற சிங்கப்பூரின் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வும் இணைந்தன. நாளுக்கு 60,000 ரூபாய் வரை, கிட்டத்தட்ட ஆயிரம் வெள்ளி, செல்போனிலேயே அனுப்பலாம். 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையிலும் மொரீஷியஸிலும் கடைகளில் யுபிஐ தொடங்கியது. நல்லூர் கோயிலுக்கும் கதிர்காமத்துக்கும் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது கைக்குப் பழகிய வழி; புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா வங்கிக் கணக்கும், எல்லாக் கடையும் இதில் இல்லை. மாற்று விலை எவ்வளவு என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் திரையில் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. இன்றைக்கு இது துணை வழி. தனி வழியாக வளரக்கூடியது.

நான்காவது, ரொக்கம். கார்டுப் பிரியர்கள் இதைக் கேலி செய்வார்கள். ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு வாங்கிய கொஞ்சம் டாலரோ வெள்ளியோ, இரவில் போய் இறங்கும்போது டாக்ஸிக்கும் தண்ணீருக்கும் ஆகும். ரொக்க ரூபாய் கொடுத்து ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் அன்னிய நாணயம் வாங்க முடியாது. அதற்கு மேல் வங்கி வழியாகத்தான். திரும்பி வந்தபின் 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். குறையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை: தொலைந்தால் கேட்க ஆளில்லை.

வரி பற்றிய பயம்

2023-இல் ஒரு குழப்பம் நடந்தது. மே 16 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவும் அந்த 2,50,000 டாலர் திட்டத்துக்குள் வந்தது. அதோடு மூலத்தில் வசூலிக்கும் வரியான டிசிஎஸ் 20 சதவீதம் என்ற பேச்சும் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, ஜூன் 28 அன்று நிதியமைச்சகம் கிரெடிட் கார்டைப் பொறுத்தவரை அதைத் தள்ளிவைத்தது. அந்தக் குழப்பத்தின் மிச்சமாக, கார்டைத் தேய்த்தாலே இருபது சதவீதம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் அந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. ஆனால் 2025 ஏப்ரல் முதல் ஒருவர் ஓர் ஆண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இந்த வசூல். சுற்றுலா நிறுவனத்திடம் வாங்கும் தொகுப்புப் பயணத்துக்கு விதி வேறு. அதைப் பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிப் பிடித்த பணம் கட்டணத்தைப் போலத் தொலைந்துபோவதில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்கிறவருக்குத்தான் அந்த வழி. தாக்கல் செய்யும் பழக்கமே இல்லாத குடும்பத்துக்கு அந்தப் பணம் கிடப்பில் கிடக்கும்.

யார் தப்பிக்கிறார்கள், யார் கட்டுகிறார்கள்?

கட்டணத்தைத் தவிர்க்கும் கலையின் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது. மார்க்கப் இல்லாத நல்ல கிரெடிட் கார்டுக்குச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், அல்லது வரிக் கணக்கு கேட்பார்கள். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகனுக்கு அது செல்போனிலேயே கிடைத்துவிடும். ஜலகண்டாபுரத்தில் நான்கு தறி ஓட்டும் அப்பாவிடம் இருப்பது கூட்டுறவு வங்கியோ அரசு வங்கியோ கொடுத்த சாதாரண ரூபே கார்டு. ரூபேயில் வெளிநாட்டில் செல்லுபடியாகும் வகைகள் உண்டு. டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் வலைப்பின்னல்களின் வழியே அவை வேலை செய்யும். ஆனால் உள்நாட்டுக்கு மட்டும் தரப்பட்ட கார்டு கோலாலம்பூர் ஏடிஎம்மில் வேலை செய்யாது. இந்த வித்தியாசம் கார்டின் முகப்பைப் பார்த்தால் எல்லோருக்கும் புரிந்துவிடாது; அங்கே போய் நின்ற பிறகுதான் தெரியவரும்.

கட்டணத்தைக் குறைவாகக் கட்டுவது விவரம் தெரிந்தவர். முழுசாகக் கட்டுவது தெரியாதவர். அந்த விவரம் தெரியாதவர் கட்டும் பணத்தில்தான் விவரம் தெரிந்தவருக்கான சலுகைகளில் ஒரு பங்கு ஓடுகிறது. வெளிநாட்டு வேலைக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தின் செலவை 2030-க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. பணம் அனுப்புவதும் கார்டில் செலவழிப்பதும் வேறு வேறு சேவைகள்தான். ஆனாலும் இடையில் முகவரோ ரொக்கப் பட்டுவாடாவோ இல்லாமல், கணினியே கணக்குப் போடும் ஒரு பரிவர்த்தனைக்கு வரியோடு 4.13 சதவீதம் என்பதை எந்தச் செலவு நியாயப்படுத்துகிறது என்று வங்கிகள்தான் சொல்ல வேண்டும். மார்க்கப் இல்லாமலும் கார்டு கொடுத்துத் தொழில் நடத்த முடிகிறது என்பதே, அந்த மூன்றரை சதவீதம் தவிர்க்க முடியாத செலவில்லை என்பதற்குச் சாட்சி.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. ஒன்றியத்துக்குள் கார்டில் நாணயம் மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விலையைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. கட்டணத்தை அது ஒழிக்கவில்லை, ஆனால் ஒரே அளவுகோலில் ஒப்பிட வைத்தது. நம் ஊரில் வங்கிகளின் கட்டணப் பட்டியல் இணையதளத்தில் இருக்கத்தான் செய்கிறது. பொடி எழுத்தில், பல பக்கத்துக்கு நடுவில். தேய்த்தவுடன் வரும் குறுஞ்செய்தியில் டாலர் தொகை வரும். இதில் மார்க்கப் இத்தனை, வரி இத்தனை என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லை.

சிக்கனம் ஆபத்தாகும் இடங்கள்

கட்டணம் மிச்சம் பிடிக்கும் ஆர்வத்தில் செய்யும் சில காரியங்கள், மிச்சத்தைவிடப் பெரிய நஷ்டத்துக்கு வாசல் திறக்கின்றன. அவற்றில் முதலாவது, சிம் கார்டு. ரோமிங் செலவு எதற்கு என்று நம் ஊர்ச் சிம்மைக் கழற்றித் தம்பியிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்து, "ஓடிபி வந்தா வாட்ஸ்ஆப்பில சொல்லு" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஓடிபியையும் பின் நம்பரையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், பணம் பறிபோனபின் 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்று வங்கி சொல்லிவிடும். முன்னே சொன்ன அந்த மூன்று நாள் காவல் அங்கே செல்லாது. புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு முழுதும் நம் தலையில்.

இரண்டாவது, ஒரே கார்டை நம்பிப் போவது. சேமிப்புக் கணக்கு முழுதும் திறந்துகிடக்கும் டெபிட் கார்டை ஓட்டலில் கொடுத்தால், முன்பணமாக ஒரு தொகையை அவர்கள் முடக்கிவைப்பார்கள். அறையைக் காலி செய்து பல நாள் கழித்துத்தான் அது விடுபடும். அதுவரை கணக்கில் முடங்கிய அந்தச் சொந்தப் பணம் நமக்கு உதவாது. கிரெடிட் கார்டாக இருந்தால் முடங்குவது வங்கியின் கடன் வரம்பு.

மூன்றாவது, கணக்குப் பார்ப்பதிலேயே பயணத்தைச் செலவழிப்பது. 60 காசுக் கட்டணத்தைத் தவிர்க்க வெயிலில் டிக்கெட் கவுன்ட்டர் தேடி அலைவதும், ஐந்து ரூபாய் கூடுதல் விலைக்காக நான்கு நாணய மாற்றுக் கடை ஏறி இறங்குவதும் சிக்கனத்தில் சேராது. அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

எடைபோட்டபின்

வெளிநாட்டில் கார்டு தேய்ப்பது, ரொக்கம் சுமப்பதைவிடப் பாதுகாப்பானது. விலை தெரிந்து தேய்த்தால் மலிவானதும்கூட. கட்டணத்தைத் தவிர்ப்பதும் வேண்டிய பழக்கமே. ஆனால் எல்லாக் கட்டணத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பது தவறு. செலவோடு சேர்ந்து வளரும் சதவீதக் கட்டணங்களைத் துரத்தித் துரத்தித் தவிர்க்க வேண்டும்: மார்க்கப், ரூபாயில் கட்டும் அந்தப் பொத்தான், கிரெடிட் கார்டில் ரொக்கம், நாணயம் விட்டு நாணயம் மாற்றுவது. நிலையான சிறு கட்டணங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏடிஎம்மில் எடுத்தால் ஒரே தடவையில் போதுமான அளவு எடுத்துவிட வேண்டும். இரண்டாவது கார்டுக்கும், ரோமிங்குக்கும், கையில் இருக்கும் கொஞ்சம் ரொக்கத்துக்கும் ஆகிற செலவைக் கட்டணக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது காப்பீடு.

ஆகவே, நம் ஊரிலிருந்து கிளம்புகிறவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேறு வேறு வங்கியின், வேறு வேறு வலைப்பின்னலின் இரண்டு கார்டுகள். அவற்றில் ஒன்றாவது மார்க்கப் இல்லாததாக இருக்கட்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர், வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கிரெடிட் கார்டு வாங்கலாம். அப்படியும் மார்க்கப் இல்லாத கார்டுகள் கிடைக்கின்றன. இரண்டையும் இரண்டு பைகளில் வையுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன் திறந்து, திரும்பியதும் மூடிவிடுங்கள். வங்கியில் கொடுத்த செல்போன் எண் உங்கள் கையிலேயே, ரோமிங்கோடு இருக்கட்டும். திரை எந்தக் கேள்வி கேட்டாலும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மில் மாற்று விலையை மறுத்தாலும் பணம் வரும்.

ரிசர்வ் வங்கியிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும், வாடிக்கையாளர் கேட்கும் மொழியில், மொத்த ரூபாயும் அதில் வங்கி எடுத்த பங்கும் தனித்தனியாக வர வேண்டும் என்று ஒரு விதி போதும். தமிழில் இரண்டு வரி. அது வரும்வரை, பாஸ்போர்ட்டோடு வங்கிக் கிளைக்குப் போகும் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்: இந்தக் கார்டு நான் போகும் நாட்டில் வேலை செய்யுமா? ஒரு லட்சம் தேய்த்தால் மொத்தம் எவ்வளவு பிடிப்பீர்கள்? தொலைந்தால் அங்கிருந்து எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்? மூன்றுக்கும் தெளிவான பதில் தராத வங்கியின் கார்டை நம்பி விமானம் ஏறாதீர்கள்.